சிங்கப்பூரில் வெயில் காணாத கீரை

சிங்கப்பூருக்குச் சென்று மீள்வோர் பெரும்பாலும் வானளாவிய மாளிகைகளைப் பற்றியும், தூசு படியாத வீதிகளைப் பற்றியும், கடைத்தெருவில் வாங்கிய பொன்னாபரணங்களைப் பற்றியுமே பேசக் கேட்டிருக்கின்றோம். அந்நகரைக் காணும் வாய்ப்பு அண்மையில் எமக்கும் கிட்டியது. ஆயின் அங்கு கண்டவற்றுள் எம் நெஞ்சை விட்டு அகலாது நிற்பது ஒரு கீரைத் தோட்டமே. தோட்டம் என்றோம், அங்கு மண் இல்லை, வெயில் இல்லை, மழையும் இல்லை. நாம் விடுகதை போடுவதாக நேயர்கள் எண்ணற்க. நடந்ததை முறையே சொல்லுகின்றோம்.

நாம் தங்கியிருந்தது கற்றோங் பகுதியில், மருமகன் ஒருவரின் இல்லத்தில். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 'சிலோன் றோட்டு' என்னும் வீதியும் அதிலே செண்பக விநாயகர் கோவிலும் உள்ளன. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகைவண்டிப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் அமரச் சென்ற எம்மவர் அமைத்த கோவில் அது. மருமகனின் மனைவியாருடைய பேத்தியாரான ஆச்சியும் அவ்வீட்டிலேயே இருக்கின்றார். தொண்ணூறைக் கடந்தவர், கண் சற்று மங்கியிருப்பினும் நாக்கு மங்கவில்லை.

சென்ற மறுநாட் காலையில் செரங்கூன் வீதியிலுள்ள தேக்காச் சந்தைக்கு மருமகள் எம்மை அழைத்துச் சென்றார். எமது திருநெல்வேலிச் சந்தையை ஒரு பெரிய மண்டபத்துள் வைத்து, தரையைக் கழுவித் துடைத்துவிட்டாற் போன்ற தோற்றம். முருங்கைக்காய், புடலங்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ என எதற்கும் குறைவில்லை. வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியபோது மருமகள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே, "மாமா, இது இந்தியா, இது சீனா, இந்தக் கோவா மலேசியாவில் கமரன் மலை, இது தாய்லாந்து, இந்தக் கரட் அவுஸ்திரேலியா" என்று பூகோளபாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். பையின் அடியில் கிடந்த ஒரு சிறு பெட்டியில் மாத்திரம், உள்நாட்டு விளைவு என்னும் முத்திரை இருந்தது. உள்ளே பச்சைப் பசேலென்ற சலாது இலைகள். மண் ஒரு துகள்தானும் இல்லை. பூச்சி கடித்த ஓர் ஓட்டையும் இல்லை.

ஆச்சி அதனை விரலாற் தடவிப் பார்த்து, "பிள்ளை, இது வெயில் கண்டதோ?" என்று கேட்டார்.

"இல்லை ஆச்சி, இது வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது" என்றார் மருமகள்.

ஆச்சி ஒன்றும் சொல்லாமல் பெட்டியை அப்பால் தள்ளிவிட்டார். அது எங்கே விளைகின்றது என்று பார்க்கவேண்டும் என்ற ஆவல் எமக்கு அப்பொழுதே உண்டாயிற்று.

அந்நாட்டின் நிலைமையைச் சிறிது விளக்குதல் வேண்டும். சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுரக் கிலோமீற்றர். எமது யாழ்ப்பாண மாவட்டத்திலும் சிறிது. அதிலே அறுபது இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். பயிர் செய்வதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் நூற்றில் ஒரு பங்கும் இல்லை; உண்ணும் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடல் கடந்தோ பாலங் கடந்தோ வருவதேயாம். காசு இருக்கின்றது, ஆகவே வாங்குகின்றனர். விற்பவன் கையை மூடிக்கொண்டால் என் செய்வது? 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது நேர்ந்தது. தன் நாட்டில் கோழிக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் உண்டானமையால், மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூர் உண்ணும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்தே வந்தது. கோழிச் சோறு அந்நாட்டவர்க்கு எமது இடியப்பமும் சொதியும் போன்றது. கடைக்காரர் சிலர் கதவைச் சாத்தினர். சிலர் உறைந்த கோழியைக் கொண்டு சமாளித்தனர். அடுத்த ஆண்டு, 2023 யூலையில், இந்தியா வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. பின்னர் சிங்கப்பூருக்கு விலக்களிக்க உடன்பட்டது. பட்டினி என்று எவரும் கிடக்கவில்லையாயினும், அச்சம் அடுப்படி வரை வந்து போயிற்று.

இத்தகைய அச்சம் எமக்குப் புதியதன்று. 1970களில் பாணுக்கு விடியற்புறத்தில் வரிசையில் நின்றதையும், மரவள்ளிக் கிழங்கு வயிற்றைக் காத்ததையும், அதே காலத்தில் இறக்குமதி தடைப்பட்டதால் எமது வெங்காய, மிளகாய்த் தோட்டக்காரர் கல்வீடு கட்டியதையும் மறந்தவர் யார்? 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, 2022இல் அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த நாடும் எம்முடையதே. அந்த வெள்ளிக்கிழமைகளில் எத்தனை பாத்தி கொத்தப்பட்டது என்பதை நாம் விசாரிக்கப் போவதில்லை.

சனிக்கிழமையன்று மருமகன் எம்மை வடமேற்குக் கோடிக்கு அழைத்துச் சென்றார். கிராஞ்சி நிலையத்தில் இறங்கி, போரில் மாண்டோரின் நினைவாலயத்தைக் கடந்து, லிம் சூ காங் என்னும் பகுதியை நோக்கி வண்டியிற் சென்றோம். மாடங்களும் மாளிகைகளும் மறைந்தன. இருமருங்கும் மரங்கள், இடையிடையே கீரைப் பண்ணை, முட்டைப் பண்ணை, மீன் வளர்க்கும் தடாகம். வீதி ஓரிடத்தில் கடற்கரையில் முடிந்துவிடுகின்றது. ஒடுங்கிய நீரிணைக்கு அப்பால் மலேசியாவின் யோகூர் கரை கூப்பிடு தூரத்திற் தெரிகின்றது. காலை உணவின் பெரும்பகுதி அக்கரையிலிருந்து வந்ததென்று நினைக்கையில் அந்நீரிணை மேலும் ஒடுங்கியதாகத் தோன்றிற்று.

அப்பகுதிக்கு அண்மையிலேயே நகரின் பெரிய இடுகாடும் இருக்கின்றது. அங்கே உடலைப் புதைத்தாற் பதினைந்து ஆண்டுகளே இடம். பின்னர் எலும்பைத் தோண்டி எடுத்துவிடுவர். இறந்தோருக்கே குத்தகை என்றால், வெண்டிக்காய்க்கும் கீரைக்கும் நிரந்தரக் காணி கிடைக்குமா? 2014இல் இப்பகுதியிலிருந்த 62 பண்ணைகளின் நிலம் படைப் பயிற்சிக்கு வேண்டுமென அறிவித்தல் வந்தது. ஒரு காலத்தில் இத்தீவு தனக்கு வேண்டிய கோழியையும் முட்டையையும் பன்றியையும் தானே வளர்த்ததென்று சொன்னால் இன்றைய இளைஞர் நம்பார். 1984இல் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக ஒழிப்பதென அரசு தீர்மானித்தது. நிலம் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. அதனாற் செல்வம் வந்தது என்பதையும் மறுத்தலாகாது.

நிலம் பக்கவாட்டில் இல்லையாயின் மேல்நோக்கிப் போகலாமே என்ற எண்ணம் இங்கே தோன்றியதில் வியப்பில்லை. மக்களையே அடுக்குமாடிகளில் ஏற்றிவிட்ட நாடு கீரையை விட்டுவைக்குமா? லிம் சூ காங்கில் 'ஸ்கை கிறீன்ஸ்' என்ற பண்ணை 2012இல் கீரையை விற்பனைக்கு அனுப்பத் தொடங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஒன்பது மீற்றர் உயரத்தில், கூரை வடிவில் இரு பக்கமும் சாய்ந்த அலுமினியச் சட்டம். அதிலே தொட்டி தொட்டியாகக் கீரை. கோவிற் திருவிழாவில் வரும் இராட்டினத்தை நேயர்கள் நினைத்துக் கொள்ளலாம். ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத மெதுவில் சுற்றும். மேலே போன தொட்டி வெயிலைக் குடிக்கும். கீழே வந்த தொட்டி நீரைக் குடிக்கும். 1.7 தொன் நிறையுள்ள அச்சட்டத்தைச் சுழற்ற அரை லீற்றர் நீரின் பாரமே போதும் என்பது அதை அமைத்தவர்களின் கணக்கு. ஒரு கோபுரத்துக்கு ஒரு விளக்கு எரிக்கும் மின்சாரமே செலவாகும் என்றும், அதே நிலத்தில் பத்து மடங்கு விளைவு கிடைக்கும் என்றும் கூறினர். எமது துலாவும் பாரத்தைக் கொண்டு பாரத்தைத் தூக்கும் வித்தைதானே! அக்கோபுரங்களைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில், எம் தந்தையார் விடியற்காலையில் துலா மிதித்தது நினைவுக்கு வந்தது.

ஆயினும் அக்கோபுரம் சூரியனை நம்பியது. நாம் காண விரும்பியது சூரியனை நம்பாத தோட்டத்தை.

அது நகரின் மேற்கே, கைத்தொழிற் பேட்டை ஒன்றில், இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலைக்கு அடுத்த கட்டடத்தின் மேன்மாடியில் இருந்தது. பெயர் குறிப்பிட வேண்டாம் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டனர். வாயிலிற் பாதரட்சையை மாற்றச் சொன்னார்கள். வெள்ளை மேலங்கியும் தலையுறையும் வாய்மூடியும் தந்தார்கள். காற்று பலமாக வீசும் ஒரு சிற்றறையுள் நிறுத்தி எம் உடையிலிருந்த தூசைப் போக்கினார்கள். சத்திரசிகிச்சைக்குப் போவது போன்ற ஆயத்தம்! பூச்சியும் பூஞ்சணமும் உள்ளே புகாதிருந்தால் மருந்து தெளிக்கவேண்டியதில்லை, அதற்காகவே இவ்வளவும்.

கதவு திறந்தது. செந்நிறமும் ஊதாவும் கலந்த ஒளி எங்கும் பரவியிருந்தது. எம் கைகள் செம்பரத்தம் பூ நிறமாகிவிட்டன. இலை தன் உணவைச் சமைக்கப் பெரிதும் பயன்படுத்துவது சூரிய ஒளியிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் என்பதால், அவ்விரண்டையும் மிகுதியாகத் தரும் சிறு விளக்குகளைத் தட்டுத் தட்டாகப் பொருத்தியிருந்தனர். புத்தகசாலையில் நூல் அடுக்கியது போல ஆறு தட்டுகளிற் கீரை. வேர்கள் மண்ணில் அல்ல, ஓடும் நீரில் நனைந்திருந்தன. நைதரசன், பொஸ்பரசு, பொற்றாசியம் முதலியவற்றை அந்நீரிற் கரைத்து விடுகின்றனர். மேற்தட்டிற் பாய்ந்த நீர் கீழிறங்கி, தொட்டியிற் சேர்ந்து, திருத்தப்பட்டு, மீண்டும் மேலேறுகின்றது. வாய்க்காலில் விட்ட நீர் கிணற்றுக்கே திரும்பி வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெளித்தோட்டத்துக்கு வேண்டிய நீரில் பத்தில் ஒரு பங்கே செலவு என்றார்கள். கிணற்றில் உவர் ஏறுவதைக் கண்டு கலங்கும் எம்மவர்க்கு இஃதொன்றே பொறாமை கொள்ளப் போதுமானது.

நாற்றுக்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தவர்களுள் ஓர் இளைஞர் எம் பேச்சைக் கேட்டு அருகில் வந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்தவர், கடன்பட்டுக் கப்பலேறிய காலம் போய்க் கடன்பட்டு விமானம் ஏறி வந்தவர்.

"உங்கள் வீட்டில் பயிர்ச்செய்கை உண்டா, தம்பி?" என்று கேட்டோம்.

"மூன்று ஏக்கர் நஞ்சை ஐயா. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் நடுவோம். திறக்காவிட்டால் வானத்தைப் பார்ப்போம். இங்கே வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முதலாளி கரண்டு பில்லைப் பார்ப்பார்" என்று சிரித்தார்.

"இங்கே நெல் விளையுமா?"

"விளையும் ஐயா. ஆனால் அந்தச் சோற்றை யார் வாங்கிச் சாப்பிடுவது?"

அவர் விளையாட்டாகச் சொன்னது எத்துணை உண்மை என்பது அம்மண்டபத்தின் மறுபாதிக்குச் சென்றபோது விளங்கிற்று. அங்கே ஒளியில்லை. அதே தட்டுகள், அதே குழாய்கள், ஆனால் வெறுமை. உலர்ந்த தொட்டிகளில் ஒட்டியிருந்த வேர்த்துணுக்குகளை மருமகனின் கைவிளக்கில் கண்டோம். மின்சார விலை ஏறியபின் பாதியை அணைத்துவிட்டதாகவும், கடைகளில் பக்கத்துத் தட்டில் மலேசியக் கீரை பாதி விலைக்குக் கிடைக்கையில் தம்முடையதை எவ்வளவு காலத்துக்கு விற்கலாமென்று தெரியவில்லை எனவும் நிலையப் பொறுப்பாளர் ஆங்கிலத்திற் கூறினார். சீன இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். எதையும் மறைக்காது சொன்னார். வந்த விருந்தாளிக்கு ஒளியுள்ள பாதியை மாத்திரம் காட்டி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

இங்கேயே இக்காரியத்தின் முடிச்சு இருக்கின்றது. சூரியன் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. அவனை வெளியே நிறுத்திவிட்டால் அவன் வேலையைச் செய்ய விளக்கு வேண்டும். விளக்கின் வெப்பத்தைப் போக்கக் குளிர்யந்திரம் வேண்டும். இவ்வாறு மூடிய அறையில் ஒரு கிலோ சலாது இலை விளைய மின்சாரம் பத்து யூனிற்றும் அதற்கு மேலும் செலவாவதுண்டு. சலாதுக்கு இது ஒருவாறு கட்டும்: அது ஒன்றரை மாதத்துள் வளரும், இலையைச் சுற்றுமுற்றும் வீணின்றி உண்ணலாம், அதன் நிறையில் பெரும்பகுதி வெறும் நீரே. நெல்லோ மூன்று நான்கு மாதம் நிற்கும். வைக்கோலுக்கும் ஒளி ஊட்டவேண்டும். கிடைக்கும் மணியோ உலர்ந்த மாப்பொருள். 2020இல் ஆராய்ச்சியாளர் சிலர் கோதுமையைப் பத்துத் தட்டுகளில் வளர்த்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டனர். அதே பரப்பில் உலகச் சராசரியிலும் 220 முதல் 600 மடங்கு வரை விளையலாம் என்று கண்டனர். ஆனால் விளக்குச் செலவினால் சந்தை விலைக்குக் கட்டுவது அரிது என்றும் அவர்களே எழுதினர்.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எரிவாயுவினால் உண்டாவது. அவ்வெரிவாயு அந்நாட்டில் இல்லை. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய்களிலும், தூர தேசங்களிலிருந்து கப்பல்களிலும் வருகின்றது. ஆகவே அயல்நாட்டுக் கீரையை நம்பாதிருக்கும் பொருட்டு அயல்நாட்டு எரிவாயுவை நம்புகின்றனர். இதனை நாம் திரும்பி வரும் வழியில் மருமகனிடம் சொன்னோம். பொறியியலாளராகிய அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "மாமா, எரிவாயுவைச் சில நாட்கள் சேமித்து வைக்கலாம், கீரையைச் சேமிக்க முடியாது. துறைமுகம் ஒரு வாரம் அடைபட்டாலும் ஆஸ்பத்திரிக்கும் குழந்தைகளுக்கும் பச்சை இலை வேண்டுமல்லவா?" என்றார். அதிலும் நியாயம் இருக்கின்றது. காவலுக்கு வைத்திருக்கும் நாய் பால் தரவில்லை என்று யாரும் அதனைத் துரத்துவதில்லை. ஆயினும் காவல் நாய்க்குச் சோறு போடுவது யார் என்பதே கேள்வி.

இந்த ஆசை சிங்கப்பூருக்கு மாத்திரம் உரியதன்று. நியூ யோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் டிக்சன் டெஸ்பொமியர் என்னும் பேராசிரியர் 1999இல் தம் மாணவரைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவித்தார். மன்ஹற்றன் நகரின் மொட்டைமாடிகள் எல்லாவற்றிலும் பயிரிட்டாலும் அங்குள்ளோரில் நூற்றுக்கு இருவருக்கே உணவு கிட்டும் என்று விடை வந்தது. அப்படியாயின் கூரையில் மாத்திரம் ஏன், கட்டடம் முழுவதும் தட்டுத் தட்டாகப் பயிரிடலாமே என்றார் அவர். 2010இல் அதனை நூலாகவும் எழுதினார். கோடிக்கணக்கான டொலர் இத்தொழிலிற் கொட்டப்பட்டது. அமெரிக்காவின் ஏரோபாம்ஸ் கொம்பனி 2023இல் கடன்காரரிடமிருந்து காப்புத் தேடி நீதிமன்றம் சென்றது. பௌவரி கொம்பனி 2024இல் மூடப்பட்டது. பேராசிரியர் 2025இற் காலமானார்.

சிங்கப்பூர் அரசும் 2019இல் ஓர் இலக்கு வைத்தது: 2030ஆம் ஆண்டில், மக்களுக்கு வேண்டிய போசணையில் நூற்றுக்கு முப்பதை உள்நாட்டிலேயே விளைவிப்பது. 2024இல் கணக்குப் பார்த்தபோது முட்டையில் மூன்றில் ஒரு பங்கு உள்நாட்டினது. மரக்கறியிலோ ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றே! 2025 நவம்பரில் அவ்விலக்கைக் கைவிட்டு வேறொன்றை வகுத்தனர்: 2035இல் மரக்கறி, காளான், முளைப்பயறு முதலியவற்றில் இருபது விழுக்காடு, முட்டை, மீன் முதலியவற்றில் முப்பது விழுக்காடு. நினைத்தது நடக்கவில்லை என்று ஓர் அரசாங்கம் வாய்திறந்து சொல்லுவதை நாம் அதிகம் கேட்டதில்லையாதலால், அச்செய்தி எமக்கு ஒருவகை மதிப்பையே உண்டாக்கிற்று. காளானுக்கும் முளைப்பயறுக்கும் பெருவிளக்கு வேண்டாம் என்பதையும் இல்லத்தரசிகள் கவனித்திருப்பர்.

அன்றிரவு மருமகள் அப்பெட்டிக் கீரையை மெல்லிதாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வறை செய்தார். சலாதில் வறையா என்று நாம் ஐயுற்றோம். நன்றாகவே இருந்தது, சற்று நீர்த்தன்மை, அவ்வளவே. ஆச்சிக்கும் ஒரு கரண்டி வைத்தார்கள். மென்று பார்த்து, "பல்லில்லாதவளுக்கு நல்லம், மெத்தென்று கிடக்குது" என்றார். பின்பு யப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1942 முதல் மூன்றரை ஆண்டுகள். அரிசி பங்கீட்டில் ஒரு சிறங்கை. பள்ளி விளையாட்டு மைதானத்தையும் கொத்தி மரவள்ளியும் வத்தாளையும் நட்டார்களாம். "மூன்று நேரமும் மரவள்ளி. அது வளர்ந்த இடத்தில் ஆரும் விளக்குப் பிடிக்கவில்லை" என்றார். எம் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, உங்களுக்கும் மரவள்ளி தின்னுற ஆசையோ?" என்று கேட்டார். நாம் ஆம் என்றோம்.

விமானம் ஏறும் நாளன்று காலையில் ஆச்சி எம்மை அழைத்தார். ஒன்பதாம் மாடியின் பொதுத் தாழ்வாரத்தில் அவருடைய சாடிகள் வரிசையாக இருந்தன: கறிவேப்பிலை, துளசி, கற்பூரவள்ளி, குட்டையாய் நிற்கும் ஒரு முருங்கை. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணியும் தம் பங்குக்கு இரண்டு மிளகாய்ச் செடி வைத்திருந்தார். அடுத்த மாளிகையின் நிழல் மாதத்துக்கு மாதம் இடம் மாறுவதால், கறிவேப்பிலைச் சாடியை வெயில் விழும் பக்கத்துக்கு இழுத்து வைக்கவேண்டுமென்றார். சாடி பாரமாயிருந்தது. நாமும் மருமகனுமாகப் பிடித்து நான்கு முழம் நகர்த்தினோம். ஆச்சி நாற்காலியில் இருந்தபடியே, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.